நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்

(மாதுங்காவில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. இதழுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இந்த மேடையில் பொதுவாக உபந்யாசகர்கள் பேசுவார்கள். இல்லாவிட்டால் சர்க்கரை வியாதி பற்றி டாக்டர்கள், வருமான வரி பற்றி ஆடிட்டர்கள். நான் இந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை. முப்பத்தாறு வருஷம் ஒரு வங்கியில் வேலை பார்த்துவிட்டு 2014-ல் ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது பழைய காமிராக்களும் கறுப்பு வெள்ளை பிலிமும்தான். "அதைப் பத்தியே பேசுங்கோ ஸார், ஒரு மாறுதலா இருக்கும்" என்று காரியதரிசி சொல்லிவிட்டார். பேசுகிறேன். கடைசியில் உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கப் போகிறேன். அதற்குள் காபி குடிக்க எழுந்து போய்விடாதீர்கள்.

இதோ, என் கையில் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் முன் வரிசையில் நாலைந்து தலைகள் ஆடுகின்றன. ஆமாம், ஆக்பா கிளிக் 3. ஜெர்மனி ஆக்பாவின் பெயரில் நம் நாட்டிலேயே நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி தயாரித்தது. 1960களிலும் 70களிலும் நம்மவர்கள் வீட்டில் பிரஷர் குக்கர், டிரான்சிஸ்டர் ரேடியோ இவற்றோடு இதுவும் ஒரு சொத்து. இதில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. எது பொருத்தமோ அதை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும். அதில் அடுத்த நம்பர் வரும் வரை பிலிமைச் சுற்ற வேண்டும். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம், அவ்வளவுதான்.

இது என் அப்பாவின் காமிரா. அவர் ரயில்வே உத்தியோகஸ்தர், மாதுங்காவில் இரண்டு ரூம் வீடு. ஒரு ரோலை தீபாவளிக்கு ஆரம்பித்தால் அடுத்த வருஷம் ஆவணி அவிட்டத்துக்குத்தான் முடிப்பார். என் பூணூலுக்கு மொத்தம் மூன்று படம். அக்கா கல்யாணத்துக்கு முழுசாக ஒரு ரோல், அது பெரிய ஆடம்பரம். இன்று என் பேத்தி ஒரு மசால் தோசையை மட்டும் ஏழு படம் எடுக்கிறாள். குறை சொல்லவில்லை, தோசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 12 படம்தான் என்று இருந்தபோது, எது படமாக வேண்டும் என்று முதலிலேயே யோசித்தாக வேண்டியிருந்தது. அந்த யோசனைக்காகத்தான் நான் இந்த வயசிலும் பிலிமில் எடுக்கிறேன்.

பிலிம் என்றதும் நம் ஊட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உதகமண்டலத்தில் பிலிம் தயாரிக்க ஆரம்பித்தது. பிலிம் செய்யக் குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் வேண்டும், அதனால்தான் மலை மேல் போனார்கள். 'இந்து' என்று பெயர். சம்ஸ்கிருதத்தில் சந்திரன் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே பிலிமும் அவர்களுடையது வந்தது. 1996-ல் அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, பிறகு மூடப்பட்டுவிட்டது. இன்று நான் வாங்குவது எல்லாம் இங்கிலாந்தின் இல்போர்டும் அமெரிக்காவின் கோடக்கும்தான். ஒரு ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. அப்பா ஏன் தீபாவளிக்கும் ஆவணி அவிட்டத்துக்கும் நடுவில் அப்படி இழுத்தார் என்பது இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது.

பிலிம் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் கவனியுங்கள், இது உங்கள் கெமிஸ்ட்ரி பாடம்தான். பிளாஸ்டிக் பட்டை மேல் ஜெலட்டின் பூசி, அதற்குள் வெள்ளி உப்புத் துகள்களைப் பரப்பியிருப்பார்கள். வெளிச்சம் பட்ட துகள்கள் டெவலப்பரில் போட்டதும் கறுத்த வெள்ளியாக மாறும். வெளிச்சம் படாத துகள்கள் ஹைப்போவில் கரைந்து போய்விடும். அதனால் வெள்ளை வேஷ்டி நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும், கறுத்த குடுமி வெள்ளையாகத் தெரியும். அதை வைத்துக் காகிதத்தில் மறுபடியும் திருப்பினால் நாம் பார்க்கிற போட்டோ. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் நெகட்டிவ்தான் மூலப் பத்திரம், போட்டோ அதன் ஜெராக்ஸ். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் காமிராவோடு இன்னும் எட்டு சேர்ந்துவிட்டன. சோர் பஜாரில் சில, கோட்டைப் பகுதியில் காமிராக் கடைகள் வரிசையாக இருக்கும் போரா பஜாரில் சில. இதே மும்பையில் திலீஷ் பாரேக் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் 1977 முதல் சேகரித்த 4,425 பழைய காமிராக்களுக்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றவர். வீட்டில் பேச்சு வளரும்போதெல்லாம் அந்தக் கணக்கைச் சொல்லித்தான் என் ஒன்பதை நியாயப்படுத்துகிறேன்.

பழைய காமிரா வாங்க நினைப்பவர்களுக்கு மும்பையில் முதல் சத்ரு ஈரம். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தாலும் நம்பக் கூடாது. லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் ஆக்பா ஐசலெட் என்ற மடிப்புக் காமிரா இருக்கிறது. சட்டைப் பைக்குள் போகும், திறந்தால் ஹார்மோனியம் மாதிரி துருத்தி வெளியே வரும். அதை வாங்கியபோது போகஸ் வளையம் அசையவே இல்லை. ஆக்பா அந்தக் காலத்தில் போட்ட கிரீஸ் பல வருஷத்தில் பிசின் மாதிரி இறுகிவிடும், இது ஐசலெட்டுக்கே உள்ள வியாதி. போரா பஜாரில் ஒரு வயசான மெக்கானிக் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். இருட்டறையில் துருத்திக்குள் விளக்கைப் போட்டு, எங்கே ஊசித் துவாரம் இருக்கிறது என்று பார்க்கவும் அவர்தான் கற்றுக் கொடுத்தார்.

நான் அதிகம் தூக்கிக்கொண்டு போவது யாஷிகா மேட் 124ஜி. மேலும் கீழுமாக இரண்டு கண் உள்ள பெட்டி. 1970-லிருந்து 1986 வரை ஜப்பானில் தயாரித்தார்கள். இதில் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்குப் பாதரச பேட்டரி வேண்டும், அது இப்போது கிடைப்பதில்லை. பரவாயில்லை, பழைய சூத்திரம் இருக்கவே இருக்கிறது. நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பு 16, பிலிமின் வேகம் 125 என்றால் ஷட்டரும் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடி. மேகம் என்றால் திறப்பை ஒரு படி இரண்டு படி கூட்டிக்கொள்ள வேண்டும். அதோடு இந்தக் காமிராவை வயிற்றருகே வைத்துக்கொண்டு குனிந்துதான் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவருக்கு, ஏதோ கிழவர் தலை வணங்கி நிற்கிறார் என்று தோன்றும். மூஞ்சிக்கு நேரே லென்ஸை நீட்டினால் வருகிற கூச்சம் அவருக்கு வருவதில்லை.

விடியற்காலையில் மாதுங்கா மார்க்கெட்டில் பூவும் வாழையிலையும் வந்து இறங்கும்போது இதைக் கொண்டுதான் எடுப்பேன். பங்குனி உத்திரத்துக்குச் செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலிலும் இதுதான். கலர் இல்லாத குறை தெரியாதா என்று கேட்பார்கள். நெற்றியில் இட்ட விபூதி, வெள்ளை முடி, நார்மடிப் புடவையின் மடிப்பு, இவையெல்லாம் கறுப்பு வெள்ளையில் வருகிற மாதிரி கலரில் வருவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், படம் காட்டுகிறேன்.

நம்மில் பலர் ரயிலிலிருந்து மட்டும் பார்த்திருக்கும் தாராவிக்கும் போவேன். அங்கே திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய நம் தமிழ் ஜனங்கள் ஏராளம். காலையில் மும்பைத் தெருக்களில் அலுமினியப் பாத்திரத்தில் வருகிற இட்லிகளில் பல அங்கே வெந்தவைதான். தாராவியிலேயே கும்பார்வாடா என்ற இடம் இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் வந்த குயவர்கள் வீட்டு வாசலிலேயே சூளை போட்டுப் பானையும் அகலும் சுடுகிறார்கள். அந்தப் புகையும் களிமண்ணும் கறுப்பு வெள்ளைக்கென்றே ஏற்பட்டவை. கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை. எடுத்தால் ஒரு பிரதி கொண்டு போய்க் கொடுக்காமல் இருப்பதும் இல்லை. இது நானே போட்டுக்கொண்ட விதி.

ஒரு தடவை அங்கே ஒரு குயவரை எடுத்தேன். உடனே காமிராவின் முதுகைத் திருப்பிப் பார்த்து, "படம் எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டார். எட்டு நாள் ஆகும் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். எட்டாம் நாள் போனபோது அந்தப் பிரதியை வாங்கி நெஞ்சில் துடைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். சுவரில் அவர் அப்பாவின் படம் இருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்த தபால் தலை அளவுப் படத்தை அப்படியே பெரிதாக்கி, சட்டம் போட்டு மாலை போட்டிருந்தார். மூக்கு எது, கண் எது என்று தெரியவில்லை. "வேறு படம் கிடையாது ஸாப்" என்றார். தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கிவிட்டது. அந்தச் சூளையும் சுவரும் அதே இடத்தில் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. நம் வீடுகளில் மூன்று தலைமுறையின் நெகட்டிவ் டப்பா டப்பாவாகக் கிடக்கிறதே என்று அன்று மனசில் ஓடியது.

இனி டெவலப் செய்யும் கதை. இதை நான் வீட்டுக் குளியலறையில்தான் செய்கிறேன். இரண்டு கை மட்டும் நுழைகிற கறுப்புத் துணிப் பைக்குள் பிலிமை வைத்து, தடவித் தடவியே சக்கரத்தில் சுற்றி, டாங்கில் போட்டு மூடிவிட்டால் அப்புறம் வெளிச்சத்தில் வேலை செய்யலாம். நான் உபயோகிப்பது கோடக்கின் டி-76. 1920களில் கண்டுபிடித்த சரக்கு, இன்றும் மவுசு குறையவில்லை. இல்போர்ட் ஹெச்.பி.5 பிலஸ் பிலிமுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். ஆனால் மே மாசத்தில் மும்பைக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகிவிடும். அதனால் ஐஸ் தட்டு இல்லாமல் டெவலப் இல்லை. அடுத்தது பாத்திரங்கள். டெவலப்பர் கிண்ணத்தில் ஒரு சொட்டு ஹைப்போ பட்டாலும் டெவலப்பர் கெட்டது. நம் ஆத்துச் சமையலறையில் பத்துப் பார்ப்பதில் பழகியவர்களுக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. அம்மா எனக்குச் சின்ன வயசில் கற்றுக் கொடுத்தது இதற்குத்தான் உபயோகப்படுகிறது.

கடைசியில் கழுவுவதற்கு அரை மணி குழாயைத் திறந்து விட வேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். நம் கட்டிடத்தில் தண்ணீர் வருவதே காலையில் கொஞ்ச நேரம். இல்போர்ட் கம்பெனியே ஒரு சிக்கன வழி சொல்லியிருக்கிறது. டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி நிரப்பி 20 தடவை. வேலை முடிந்தது. அரை வாளி கூடச் செலவாகாது.

காபி விஷயத்தைச் சொல்லாமல் போனால் மாதுங்காவில் பேசியதாகவே ஆகாது. 1995-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரின் வகுப்பு, காபியிலேயே பிலிமை டெவலப் செய்யலாம் என்று காட்டியது. ஒரு லிட்டர் ஜலத்துக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிஷம். நான் செய்து பார்த்தேன், படம் பிரமாதமாக வந்தது. வாசனைதான் சகிக்கவில்லை. "காபியைப் பிலிமுக்குக் கொடுக்கற மனுஷாளை இப்பத்தான் பார்க்கறேன். நல்ல வேளை, டிகாக்ஷன்ல கை வைக்கலை" என்றாள் என் மனைவி.

இப்படி ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்ததும், "ஸார், எங்காத்துல பழைய நெகட்டிவ் கிடக்கு, பாருங்கோளேன்" என்று நாலு பேர் வர ஆரம்பித்தார்கள். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2019. செம்பூரில் ஒரு பழைய கட்டிடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. எல்லோரும் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே தரைத் தளத்தில் 87 வயசு மாமி ஒருவர். அவருடைய பேரன் எனக்குப் போன் செய்தான். "மாமா, லாஃப்ட்ல ஒரு பிஸ்கட் டின் நெறைய நெகட்டிவ். ஆல்பம் எல்லாம் 2005 வெள்ளத்துலயே போயிடுத்து. இதைப் பார்த்தா ஒண்ணும் புரியலை. ரத்திவாலா வாசல்ல நிக்கறான், போட்டுடலாமா?" நான் ஆட்டோ பிடித்துப் போனேன்.

2005 ஜூலை 26 மழையை மும்பைக்காரர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். மாமி வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்று, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் கூழாகிவிட்டன. டின் பரண் மேல் இருந்ததால் தப்பித்தது. உள்ளே 41 நெகட்டிவ். மாமியின் அப்பா கும்பகோணத்தில் மடிப்புக் காமிரா வைத்துக்கொண்டு எடுத்தவை. ஆறு ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன, பிரிக்க முடியவில்லை. மீதி 35-ஐயும் பிரதி எடுத்துக்கொண்டு போனேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். காவேரிப் படித்துறையில் பாவாடையும் குடமுமாக ஒரு பெண் நிற்கிற படத்தில் கை நின்றுவிட்டது. ஒன்பது வயசு இருக்கும். "இவ என் தங்கை. டைபாயிட்ல போயிட்டா, அப்போ அதுக்கு மருந்து ஏது? ஆல்பம் போனப்புறம் இவ மொகம் எனக்கே சரியா ஞாபகம் வரலை" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, குழந்தை குட்டி இல்லை, உலகத்தில் அவள் இருந்தாள் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் இல்லை. அந்த நெகட்டிவ் பழைய பேப்பரோடு எடைக்குப் போகவிருந்தது.

பேரனை உட்கார வைத்து, மாமி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னேன். எல்லாப் படங்களிலும் சேர்த்து 22 பேர். 18 பேரை மாமி அடையாளம் சொன்னார், உறவுமுறையோடு, ஊரோடு. நாலு பேர் ஞாபகம் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றார். அடுத்த வருஷம் மாமி காலமாகிவிட்டார். அந்த நாலு பேர் யார் என்று சொல்ல இனி எவரும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் இதே பம்பாயில்தான் எடுக்கப்பட்டது. இம்பீரியல் கம்பெனி ஸ்டுடியோவில், டி.பி. ராஜலக்ஷ்மி நடித்தது. அதே வருஷம் அதே கம்பெனி எடுத்த 'ஆலம் ஆரா' இந்தியாவின் முதல் பேசும் படம். இரண்டுக்கும் இன்று ஒரு பிரதி கூட இல்லை. சில புகைப்படங்கள்தான் மிச்சம். அதற்கு எழுபது வருஷத்துக்கு முன்னால், 1858-ல், லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் சென்னை அரசாங்கத்துக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். காகித நெகட்டிவ், மாட்டு வண்டிப் பிரயாணம். தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அது இன்றும் நூலகங்களில் இருக்கிறது. காலம் என்று பார்த்தால் ட்ரைப் படம்தான் முதலில் போயிருக்க வேண்டும். ஒன்றை யாரோ பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள், மற்றதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பழைய பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கலாம் என்று எடைக்கு வாங்கிக் கழுவியவர்களும் உண்டு.

சமீப காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு, 1880-லிருந்து 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியது. நல்ல காரியம். ஆனால் உங்கள் வீட்டு டப்பாவைத் தேடி யாரும் புதுச்சேரியிலிருந்து வரப் போவதில்லை. அது நாம் செய்ய வேண்டிய வேலை. அதற்கான குறிப்புகளைச் சொல்கிறேன், பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அது பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும். அவற்றை உடனே தனியே எடுத்து, முதலில் அவற்றைத்தான் நகல் எடுக்க வேண்டும். மஞ்சளித்துப் பிசுபிசுவென்று இருக்கும் 1950-க்கு முந்தைய பிலிம் சில சமயம் நைட்ரேட் ஆக இருக்கலாம். அது சுலபமாகத் தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்பு பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது, ரப்பர் பேண்ட், நியூஸ் பேப்பர், பிளாஸ்டிக் கவர் மூன்றும் ஆகாது. அமிலம் இல்லாத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பாலிப்ராப்பிலீன் உறையும் சரி, பி.வி.சி. கூடாது. பக்கம் பக்கமாகக் கோந்து தடவிய ஆல்பத்தில் போட்டோ ஒட்டியிருந்தால், இழுத்துப் பிய்க்காமல் அப்படியே நகல் எடுங்கள்.

மூன்றாவது, வைக்கிற இடம். பரண் வெள்ளத்துக்கு நல்லது, வெயில் காலத்துக்கு நல்லதல்ல. உள் அறை அலமாரியில் நடுத்தட்டு உத்தமம். வெளிச் சுவரை ஒட்டி வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் கூடவே வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். மார்கழி, தை மாசத்தில் ஒரு நாள் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் உலர்த்தாதீர்கள், அது வடாம் அல்ல.

நாலாவது, ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டால் படத்தோடு வழித்துக்கொண்டு வந்துவிடும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

ஐந்தாவது, நகல். நல்ல ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டாப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் உயர்த்தி நெகட்டிவைப் பிடித்து மொபைலிலேயே எடுக்கலாம். கறுப்பு வெள்ளையைத் திருப்பிக் காட்ட உங்கள் பேரக் குழந்தைகளுக்குத் தெரியும். இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஆனால் நகல் எடுத்தாயிற்றே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்தோம் என்று யாராவது மூலப் பத்திரத்தைக் கிழிப்பார்களா? ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் நின்று போகும். சரியாகக் கழுவிய வெள்ளி நெகட்டிவ் நம்மையும் நம் பேரன்களையும் தாண்டி இருக்கும். உங்கள் 1980களின் கலர் கல்யாண ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், எல்லோரும் குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி சிவந்திருப்பார்கள். அதற்கு நாற்பது வருஷம் முந்தைய தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் பளிச்சென்று இருக்கும்.

ஆறாவது, மிக முக்கியமானது, பெயர். போட்டோவின் பின்பக்கம், ஓரமாக, மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால் பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தெரியும். யார், யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம். 'அப்பா' என்று மட்டும் எழுதாதீர்கள், ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவனுக்கு யாருடைய அப்பா என்று தெரியாது. நெகட்டிவுக்கு உறை மேல் எழுதினால் போதும்.

இப்போது என் வேண்டுகோள். மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் இதே கதைதான் என்று இதழில் இதைப் படிக்கப் போகும் அன்பர்களுக்குத் தெரியும். வீடு மாறும்போது பெரிய சாமான்களுக்கு லாரி பேசுகிறோம், சின்ன டின் ரத்திவாலாவுக்குப் போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் குடும்பத்தில் இருப்பவர்களில் வயசில் மூத்தவர் யாரோ, பாட்டியோ அத்தையோ பெரியப்பாவோ, அவர் பக்கத்தில் பத்தே பத்துப் படத்தோடு உட்காருங்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீடியோவில் உட்காரட்டும். அவர் சொல்வதை எழுதுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். நாலு பேருடைய பெயர் அப்படித்தான் போயிற்று.

மும்பையில் இருப்பவர்கள் நெகட்டிவ்களை என்னிடம் கொண்டு வரலாம். சங்க அலுவலகத்தில் சொன்னால் எனக்குத் தகவல் வரும். கட்டணம் கிடையாது. அவசரப்படுத்தாமல் இருந்தால் சரி. வருகிறவர்களுக்கு நல்ல காபி உண்டு, அது குடிக்கிற காபிதான்.